ஆடாதோடையின் பெயர்ப்பலகை

பேராதனைத் தாவரவியற் பூங்காவைக் காணாமல் கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள் நம்மில் அரிது. சுற்றுலா என்றால் கண்டியும் பேராதனையுந்தான். பனை வரிசைகளையும் இராட்சத மூங்கிலையும் ஓர்க்கிட் மலர்களையும் பார்த்தோம். மூலிகைப் பகுதியில் மட்டும் நம்மில் எவரும் நின்றதாக நினைவில்லை. வீட்டு வேலியோரம் நிற்பதைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்ற எண்ணம்போலும்! இன்று நம்மிற் பலருக்கு அந்த வேலியும் இல்லை, வீடும் இல்லை. ஆகவே விட்டுவந்த அந்தச் செடிகளைப் பற்றி இந்த மலரில் எழுத விரும்பினோம்.

ஆடாதோடையையே எடுப்போம். ஆடு தொடாத இலை என்பதால் வந்த பெயர் என்பர். உலகெங்கும் தாவரவியலார் இதனை ‘ஜஸ்டீசியா அடதோடா’ என்றே குறிப்பிடுகின்றனர். தமிழ்ச் சொல் இலத்தீனுக்குள் நுழைந்த கதை சுவையானது. 1670களில் ஒல்லாந்தக் கொம்பனியின் வைத்தியராக இலங்கையில் இருந்த போல் ஹேர்மன், இங்குள்ள செடிகளை உலர்த்தித் தாள்களில் ஒட்டி, ஊரவர் சொன்ன பெயர்களையும் எழுதிக்கொண்டார். அவர் இறந்து பல ஆண்டுகளின் பின் அத்தொகுப்பு கொப்பன்ஹேகனில் கூந்தர் என்ற அரச மருந்தாளரிடம் இருந்து, சுவீடன் அறிஞர் லின்னேயஸின் கைக்குப் போயிற்று. அதைக்கொண்டே அவர் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை எழுதினார். இன்று அது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. பெயர்களைச் சொல்லிக்கொடுத்தவர்கள் யார் என்பதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

பூங்காவின் கதை பிந்தியது. ஆங்கிலேயர் 1810இல் கொம்பனித்தெருவில் தொடங்கிய தோட்டம் 1813இல் களுத்துறைக்கும் 1821இல் பேராதனைக்கும் இடம்பெயர்ந்தது. முதலில் நட்டவை கறுவாவும் கோப்பியும். அதன் அதிபர் அலெக்சாண்டர் மூன் 1824இல் வெளியிட்ட தாவரப் பட்டியலில் சிங்களப் பெயர்களும் இடம்பெற்றன. ஆயினும் அரசு பெரிதாக நாடிய மருந்துச் செடி நம்முடையதன்று. காய்ச்சலுக்கான குவினைனைத் தரும், தென்னமெரிக்காவிலிருந்து வந்த சிங்கோனா மரம் அது. அதற்கென்றே 1861இல் ஹக்கலையில் தனித் தோட்டம் போட்டார்கள். நம் வேலிச் செடிகளைக் காத்தவர்கள் பரியாரிமாரும் அம்மம்மாமாருமே.

சளிக்கும் முட்டுக்கும் ஆடாதோடை இலையை அவித்துத் தேன் விட்டுத் தந்தார்கள். அந்த இலையிலுள்ள வசிசினை அடியாகக்கொண்டு உருவானதே, 1960களில் மருந்துக்கடைகளுக்கு வந்த புரோம்ஹெக்சின். செங்கமாரிக்குக் கீழ்க்காய்நெல்லி, ஞாபகத்துக்கு வல்லாரைச் சம்பல் (சோதனைக் காலத்தில் அதற்குத் தப்பியவர் உண்டா?), பிள்ளை பெற்றவளுக்கு வேர்க்கொம்பும் மிளகும் உள்ளியும் அரைத்த சரக்குக் கறி. தடிமனுக்கு நொச்சியிலை போட்டு வேது பிடித்தோம்.

பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. கொடிவேலிக்கு லின்னேயஸ் ‘இலங்கைக்குரியது’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். பச்சை வேர் பட்டால் தோல் கொப்பளிக்கும். கர்ப்பிணிக்கு ஆகாது. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துச் சுத்தி செய்த பின்பே பரியாரியார் மருந்தில் சேர்ப்பார். பெயர்க் குழப்பமும் உண்டு: சிங்களத்தில் ஆடாதோடையைப் பாவட்டா என்றும் சொல்வர். நமக்குப் பாவட்டை வேறொரு செடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதற்குத் தோட்டம் வேண்டும். சுத்தியையும் அளவையும் சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும்.

யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரமும் பரராசசேகரமும் ஏட்டிலிருந்து அச்சேறியதால் வைத்தியரின் அறிவு ஓரளவு பிழைத்தது. அடுக்களை அறிவுக்கு ஏடு இருக்கவில்லை. அது தாயிடமிருந்து மகளுக்கு வாய்மொழியாக வந்தது. ஹேர்மன் எழுதிக்கொண்ட பெயர் முந்நூற்றைம்பது ஆண்டுகள் நிலைத்துவிட்டது. இலையை எவ்வளவு நேரம் அவிப்பது என்பது இரண்டு தலைமுறையில் மறந்துபோகிறது.

கொரோனாக் காலத்தில் மரமஞ்சளும் மல்லியும் அவித்துக் குடிக்காத வீடு இலங்கையில் குறைவு. மரமஞ்சள் காட்டுக்கொடி, தடிப்பதற்குப் பல ஆண்டுகள் செல்லும். வெட்டி வெட்டி அது காடுகளில் அருகிவிட்டது. ஆடாதோடை அப்படியன்று. ஒரு தடியை முறித்து நட்டாலே தழைக்கும், ஆடும் தின்னாது. ஊரில் வளவு வைத்திருக்கும் தோழிகள் மழைக்கு முன் நாலு தடி ஊன்றலாம். குளிர் நாடுகளில் இருப்போர், எண்பது தாண்டிய தம் அம்மாமாரிடம் ஒரு பிற்பகல் கொப்பியும் பேனையுமாக உட்காரலாம்.