அருவங்காட்டு எண்ணெயும் நீல மாத்திரையும்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயிலில் குன்னூரும் வெலிங்டனும் தாண்டியதும் வரும் சின்ன நிலையம் அருவங்காடு. பயணிகள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. அடுத்து வரும் கேத்திப் பள்ளத்தாக்குக்காகக் கேமராவைத் தயார் செய்துகொண்டிருப்பார்கள். ஆனால் இந்த ஊருக்கு என்று ஒரு தனிச் சரித்திரம் உண்டு. 1903-04 வாக்கில் ஆங்கிலேய அரசு இங்கே ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையை நிறுவியது. பெயர் கார்டைட் ஃபேக்டரி. ஊர்க்காரர்களுக்கு வெறும் 'கார்டைட்'. மூன்று தலைமுறையாக அங்கேயே வேலை பார்த்த குடும்பங்கள் உண்டு. அதற்கான மின்சாரம் பக்கத்துக் காட்டேரி அருவியிலிருந்து வந்தது (பேய் இல்லை, ஊர்ப்பெயர்தான்).

கார்டைட் என்பது துப்பாக்கிக்கும் பீரங்கிக்குமான புகையில்லா வெடிமருந்து. கயிறுபோல நீளமாகப் பிழிந்தெடுப்பதால் அந்தப் பெயர். அதில் இரண்டு முக்கியச் சரக்குகள்: நைட்ரிக் அமிலத்தில் ஊறிய பஞ்சு, நைட்ரோகிளிசரின். இரண்டாவது ஒரு எண்ணெய். அமிலக் கலவையில் கிளிசரினைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சூடேறாமல் பார்த்துக்கொண்டே தயாரிக்க வேண்டும். கொஞ்சம் சூடு கூடினால் கட்டடமே இருக்காது. குளிர்ந்த மலைக்காற்று இந்த வேலைக்கு எவ்வளவு தோதானது என்று சொல்லவே வேண்டாம்.

இந்தக் கட்டுரை வெடிமருந்தைப் பற்றியது இல்லை. ஆண்கள் மெடிக்கல் ஷாப்பில் குரலைத் தாழ்த்திக் கேட்கும் ஒரு மாத்திரையைப் பற்றியது. அதை ஏன் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது என்பதற்கான முதல் காரணம் அந்த எண்ணெயிலிருந்துதான் தொடங்குகிறது.

நைட்ரோகிளிசரினை 1847இல் முதலில் உருவாக்கியவர் இத்தாலியின் டூரின் நகரத்து வேதியியலாளர் அஸ்கானியோ சொப்ரெரோ. துளியூண்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். தலை பிளந்துவிடும்போல வலித்தது. அந்தக் காலத்து விஞ்ஞானிகளுக்கு நாக்குதான் சோதனைச்சாலை. பிறகு ஆல்ஃபிரெட் நோபல் இதை டைனமைட்டாக்கிப் பெரும்பணம் பார்த்தார். 1887இல் பாலிஸ்டைட் என்ற புகையில்லா மருந்தையும் செய்தார். பிரிட்டிஷ் அரசின் வெடிமருந்துக் குழுவில் இருந்த ஃபிரெடெரிக் ஏபலும் ஜேம்ஸ் டூவரும் அதை ஒட்டி 1889இல் கொண்டுவந்ததுதான் கார்டைட். 'என் சரக்கைத் திருடிட்டாங்க' என்று நோபல் தரப்பு வழக்குப் போட்டது. 1895இல் பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது. ஆக, அருவங்காட்டில் காய்ச்சியது நோபல் கடைசி வரை பொருமிய ஒரு பொருள்.

அதற்குள் இந்த எண்ணெய் வேறொரு கதவையும் தட்டியிருந்தது. 1867இல் ஸ்காட்லாந்தின் லாடர் பிரண்டன், அமைல் நைட்ரைட் ஆவியை முகர்ந்தால் இதயவலி தணிகிறது என்று எழுதினார். 1879இல் லண்டன் டாக்டர் வில்லியம் மரெல், நைட்ரோகிளிசரின் கரைசல் பட்ட தக்கையை நாக்கில் தொட்டுப் பார்த்தார். நாடி தாறுமாறாக அடித்தது. பிறகு நெஞ்சுவலி நோயாளிகளுக்குச் சின்ன அளவில் கொடுத்தார். கேட்டது. கடைசிக் காலத்தில் நோபலுக்கே இதயநோய் வந்தது. டாக்டர்கள் எழுதிக்கொடுத்த மருந்து நைட்ரோகிளிசரின். ஆனால் சீட்டில் அந்தப் பெயர் இல்லை. மருந்துக்கடைக்காரரும் ஜனங்களும் பயந்துவிடக்கூடாது என்று டிரைநைட்ரின் என்று மாற்றி அழைத்தார்கள். இந்த வேடிக்கையை 1896இல் நோபலே ஒரு கடிதத்தில் சொல்லிக்கொள்கிறார். அந்த டிசம்பரில் இறந்துபோனார்.

வெடிமருந்துத் தொழிலாளிகளுக்கும் இதன் குணம் தெரியும், உடம்பு வழியாக. திங்கட்கிழமை வேலைக்குப் போனால் மண்டையிடி. இரண்டு நாளில் பழகிவிடும். ஞாயிறு லீவு முடிந்து வந்தால் மறுபடி அதே கதை. பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கத் தொப்பிப் பட்டியில் கொஞ்சம் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போன தொழிலாளிகளைப் பற்றி ஐரோப்பிய, அமெரிக்கத் தொழில்நோய்க் குறிப்புகள் பேசுகின்றன. வேறு சிலருக்கு அந்த லீவு நாளிலேயே நெஞ்சு அடைத்தது. மருந்துக்குப் பழகிப்போன ரத்தக்குழாய், மருந்து நின்றதும் சுருங்கிக்கொண்டது.

ஏன் இப்படி என்று தெரிய நூறு வருடம் ஆனது. 1977இல் அமெரிக்க விஞ்ஞானி ஃபெரிட் முராட், நைட்ரோகிளிசரின் உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடுவிக்கிறது என்று கண்டார். ராபர்ட் ஃபர்ச்காட்டும் லூயி இக்னாரோவும் அடுத்த பத்தாண்டுக்குள் இன்னொன்றைச் சொன்னார்கள்: நம் ரத்தக்குழாய்களே இந்த வாயுவைத் தயாரிக்கின்றன, குழாய்ச் சுவரின் தசை தளர்ந்து ரத்தம் பாய்வது இதனால்தான். 1998இல் மூவருக்கும் நோபல் பரிசு. யார் பெயரிலான பரிசு என்பதைக் கவனியுங்கள்.

ஆணுறுப்பு விறைப்பதும் இதே வாயுவின் வேலைதான். கிளர்ச்சி வரும்போது நரம்பு நைட்ரிக் ஆக்சைடை விடுகிறது. அது சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற பொருளைப் பெருக்குகிறது. தசை தளர்கிறது, ரத்தம் நிரம்புகிறது. வேலை முடிந்ததும் பி.டி.இ.5 என்ற நொதி அந்தப் பொருளைச் சிதைத்துவிடும். ஒரு தண்ணீர்த்தொட்டியை நினைத்துக்கொள்ளலாம். நைட்ரிக் ஆக்சைடு குழாயைத் திறக்கிறது, பி.டி.இ.5 வடிகால்.

இங்கிலாந்தின் சாண்ட்விச் என்ற ஊரில் ஃபைசர் கம்பெனி ஆய்வாளர்கள் 1989இல் உருவாக்கிய சில்டெனாஃபில், இந்த வடிகாலை அடைக்கும் மருந்து. நெஞ்சுவலிக்காகத்தான் செய்தார்கள். 1990களின் ஆரம்பத்தில் சோதனை நடந்த இடங்களில் ஒன்று வேல்ஸ் நாட்டின் மெர்தர் டிட்ஃபில். நிலக்கரிச் சுரங்கமும் இரும்பாலையும் மூடிப்போய் வேலையில்லாமல் கிடந்த மலையடி ஊர். நெஞ்சுவலிக்கு மருந்து பெரிதாக உதவவில்லை. ஆனால் சோதனைக்கு வந்த ஆண்கள் தயங்கித் தயங்கி வேறொன்றைச் சொன்னார்கள். அவர்கள் கூச்சப்பட்டு வாய் திறக்காமல் போயிருந்தால் வயாகரா இல்லை. 1998 மார்ச் 27 அன்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இப்போது நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரைக்கு வருவோம். நம் வீடுகளில் அதன் பெயர் சார்பிட்ரேட். நைட்ரோகிளிசரினின் நெருங்கிய சொந்தக்காரன், அதே வாயுவைத் தருவது. இது குழாயை முழுசாகத் திறக்கிறது. சில்டெனாஃபில் ஏற்கெனவே வடிகாலை அடைத்து வைத்திருக்கிறது. தொட்டி வழிகிறது. உடம்பு முழுக்க ரத்தக்குழாய்கள் தளர்ந்து, ரத்த அழுத்தம் சரிந்து, அடைப்புள்ள இதயத்துக்குப் போக வேண்டிய ரத்தமும் போகாது. 1998 நவம்பர் நடு வரை அமெரிக்காவில் வயாகரா எடுத்தவர்களில் உறுதிசெய்யப்பட்ட 130 மரணங்களை அந்த நாட்டு மருந்துத் துறை பட்டியலிட்டது. அதில் 16 பேர் நைட்ரேட் மருந்தும் எடுத்திருந்தார்கள் அல்லது அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. லட்சக்கணக்கானவர்கள் வாங்கிய மருந்து, பலர் ஏற்கெனவே இதயநோயாளிகள். அதனால் 130 பேரையும் மாத்திரைதான் கொன்றது என்று சொல்ல முடியாது. அந்த 16 பேரைப் பற்றி அப்படி லேசாகச் சொல்லிவிட்டுப் போகவும் முடியாது.

'கொடுக்கப்பட்டிருந்தது' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். ராத்திரி ஒருவருக்கு நெஞ்சு வலிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுஷர், ஓடிவந்து தன் சார்பிட்ரேட்டில் ஒன்றை எடுத்து நாக்குக்கடியில் வைக்கிறார். படுத்திருப்பவர் சாயங்காலம் எதைப் போட்டார் என்று அவருக்குத் தெரியாது. பல வீடுகளில் மனைவிக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான், அவரும் பேசும் நிலையில் இல்லை. சில்டெனாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்குள் நைட்ரேட் கூடாது. டடலாஃபில் என்றால் அது உடம்பில் நெடுநேரம் தங்குவதால் 48 மணி நேரம். நீலகிரி மாதிரி இடத்தில் இது இன்னும் கனக்கிறது. பெரிய இதய சிகிச்சைக்கு மலை இறங்கிக் கோவைக்குப் போவதே நெடுநாள் வழக்கம். கொண்டை ஊசி வளைவுகளில் ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாகப் போய்விட முடியும்?

இந்தியாவில் 2001 தொடக்கத்திலேயே இந்த மாத்திரை சொந்தப் பெயர்களில் வந்துவிட்டது. சைடஸின் பெனெக்ரா, ரான்பாக்ஸியின் கேவர்டா, சிப்லாவின் சைலாக்ரா. அப்போது நம் சட்டத்தில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்குத்தான். விலை சரிந்தது, நல்லதுதான். டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்பது விதி. விதி நம் ஊர்க் கடைகளில் என்ன பாடுபடுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

தமிழில் இதற்கு நாம் வைத்திருக்கும் சொல்லே தகராறு. 'ஆண்மைக் குறைவு' என்கிறோம். ஒரு ரத்தக்குழாயின் கோளாறை, ஆளின் மொத்த மதிப்பின் மேல் ஏற்றிச் சொல்லும் சொல். இதை வைத்துத்தான் லாட்ஜ் வைத்தியர்கள் பிழைத்தார்கள். மாதம் ஒருநாள் இந்த ஊரில் இந்த லாட்ஜில் என்று பேப்பர் விளம்பரம், பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் நோட்டீஸ். பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் வருடத்து மத்தியச் சட்டமே தடை செய்கிறது. சுவர்கள் அதைப் படிக்கவில்லை. இதைவிட மோசமான விஷயம், 'முழுக்க மூலிகை' என்று விற்கப்படும் சரக்குகளில் சில்டெனாஃபில் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துத் துறை திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இதயநோய் இருப்பதால் 'இங்கிலீஷ் மருந்து வேண்டாம்' என்று லேகியத்துக்குப் போகிறவர்தான் இதில் மாட்டுகிறார்.

எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவருக்கு வேறொரு சங்கடம். தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவருக்கு இவருடைய மூன்று தலைமுறையும் தெரியும். அங்கே வாய் திறந்தால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரியும் என்று பயம். அதனால் பஸ் ஏறி, முகம் தெரியாத ஊரில் முகம் தெரியாத கடையில் வாங்குகிறார். அந்தக் கடைக்காரருக்கு இவருடைய சர்க்கரையோ இதயமோ தெரியாது.

டாக்டர் கேட்பது பெரிய கேள்விகள் இல்லை. "நெஞ்சுக்கு மாத்திரை ஏதாவது போடுறீங்களா? பஸ் ஸ்டாப்பிலிருந்து மேட்டில் ஏறினா நெஞ்சு இறுக்குதா? பிராஸ்டேட்டுக்கு மருந்து இருக்கா?" பிராஸ்டேட்டுக்கான சில மாத்திரைகளும் ரத்த அழுத்தத்தை இறக்கும், சேர்ந்தால் தலைசுற்றி விழலாம். சில பூஞ்சை மருந்துகளும் ஹெச்.ஐ.வி. மருந்துகளும் சில்டெனாஃபிலை உடம்பில் தேக்கிவைக்கும். வயது 65 தாண்டியவருக்கும் கல்லீரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் 25 மில்லிகிராமில்தான் ஆரம்பிப்பார்கள். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் கிடையாது. வேலை செய்யவில்லை என்று இன்னொன்றைப் போடுவதும் தப்பு. கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாகத்தான் ஏறும், கிளர்ச்சி இல்லாமல் தானாக எதுவும் நடக்காது. விறைப்பு நான்கு மணி நேரம் இறங்காவிட்டாலோ, திடீரென்று கண் பார்வை போனாலோ உடனே ஆஸ்பத்திரி. கூச்சமெல்லாம் அப்புறம்.

டாக்டர் கேட்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆணுறுப்பின் ரத்தக்குழாய் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அகலம். இதயத்தினுடையது மூன்று நான்கு. சர்க்கரையும் கொதிப்பும் பீடியும் சேர்ந்து குழாய்களைக் கெடுக்கும்போது சின்னது முதலில் அடைபடும். சிலருக்கு மாரடைப்புக்கு இரண்டு மூன்று வருடம் முன்பே இங்கே தெரிந்துவிடுகிறது. கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிப்பவர் அந்த அறிவிப்பைக் கிழித்துப் போட்டுவிடுகிறார். சிலருக்குக் காரணம் வேறு மாத்திரையாகவும் இருக்கும். ரத்தக் கொதிப்பு, மன அழுத்த மருந்துகளில் சிலது இதைச் செய்யும். அதைத் தானாக நிறுத்தினால் ஆபத்து, டாக்டர் மாற்றித் தருவார்.

நெஞ்சுவலி வந்தால் 108க்கு வருபவரிடம் இரண்டு தகவல் சொன்னால் போதும்: என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு. நைட்ரேட்டைத் தவிர்த்து வேறு வழி பார்ப்பார்கள். அதற்கு மாத்திரையின் பெயர் தெரிய வேண்டும். நம் கடைகளில் அட்டையை ஒன்று இரண்டாகக் கத்தரித்து, பேப்பரில் சுருட்டிக் கொடுப்பார்கள். சட்டைப்பையில் கிடக்கும் துண்டில் பாதிப் பெயர்கூட இருக்காது. வாங்குபவருக்கும் அதுவே சௌகரியம். பெயர் இருக்கிற பக்கத்தையும் சேர்த்து வெட்டிக் கொடுங்கள் என்று கேட்டால் கடைக்காரர் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்ப்பார். பார்த்துவிட்டுப் போகட்டும்.