கீழே 1200, மேலே 75: மினிதெல் கதை

மினிதெல் என்ற பெயரைப் புதுச்சேரியில் சொல்தா வீடுகளில் சிலராவது கேட்டிருப்பீர்கள். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரியும். என் பெரியப்பா மகன் ஒருவர் 1980களின் பிற்பகுதியில் வந்திருந்தபோது, "டெலிபோனுக்குப் பக்கத்துல சின்ன டிவி மாதிரி ஒண்ணு இருக்குடா தம்பி, அதுல ரயில் நேரம் பார்க்கலாம், டிக்கெட்டும் எடுக்கலாம்" என்றார். இங்கே நான் கார்பன் தாள் வைத்து டைப் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஓய்வு பெற்ற பிறகு பிரெஞ்சில் கிடைத்ததை எல்லாம் தேடிப் படித்ததில் மினிதெல்லின் அமைப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. இன்று கைப்பேசியில் நாம் செய்கிற பல காரியங்களுக்கு அது முன்னோடி.

முதலில் பிரான்சின் டெலிபோன் நிலைமையைச் சொல்ல வேண்டும். 1960களில் அது பரிதாபம். ஃபெர்னான் ரேனோ என்ற நகைச்சுவை நடிகரின் நாடகத் துணுக்கு ஒன்று எங்கள் பிரெஞ்சு வாத்தியார்களுக்கு மனப்பாடம். பாரிஸை ஒட்டிய அஸ்னியேரில் 22ஆம் எண் கிடைக்காமல் தவிக்கும் ஒருவர் கடைசியில் நியூயார்க் வழியாக அந்த எண்ணைப் பிடிப்பார். 1970களில் அரசு பணத்தைக் கொட்டி ஊரெல்லாம் லைன் இழுத்தது. லைன் கூடக் கூட டெலிபோன் டைரக்டரி தடித்துக்கொண்டே போனது, அச்சாகி வருவதற்குள் பழசாகியும் போனது. 1978ல் சிமோன் நோரா, அலேன் மேன்க் இருவரும் சமுதாயத்தைக் கணினிமயமாக்குவது பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார்கள். தொலைத்தொடர்பும் கணினியும் சேர்ந்ததற்கு 'தெலெமதீக்' என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள்தான். தபால் தந்தித் துறை, அதாவது பே-தே-தே, ஒரு கணக்குப் போட்டது. புத்தகம் அச்சடித்துக் கொடுப்பதற்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு பெட்டியை இலவசமாகவே கொடுத்தால் என்ன? 1980ல் சேன்-மலோவில் சிறு பரிசோதனை, 1981ல் வெலிசியில் பெரியது, 1983ல் இல்-எ-வீலேன் மாவட்டத்தில் மின்னணு டைரக்டரி. பிறகு நாடு முழுக்க.

அந்தப் பெட்டிக்குள் ஒன்றும் கிடையாது. திரை, விசைப்பலகை, மோடம், அவ்வளவே. தகவல் முழுவதும் ரயில்வேயின் கணினியிலோ வங்கியின் கணினியிலோ பத்திரிகையின் கணினியிலோ இருக்கும். வீட்டுக்கும் அந்தக் கணினிக்கும் நடுவே பே-தே-தேயின் வாசல். நான்கு இலக்க எண்ணைச் சுழற்றினால் வாசல் திறக்கும். வேண்டிய சேவையின் பெயரைத் தட்டினால் டிரான்ஸ்பாக் என்ற வலையமைப்பு வழியாக அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். 1984ல் வந்த கியோஸ்க் முறையில் 3615 என்ற எண்ணுக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒரு ஃபிராங்க். அந்தப் பணம் டெலிபோன் பில்லிலேயே சேர்ந்துவிடும். பெரும் பங்கைத் துறை சேவைக்காரருக்குக் கொடுத்துவிடும். சேவைக்காரருக்கு ரசீதுப் புத்தகம் வேண்டாம், வசூலுக்கு ஆள் வேண்டாம். பில்லில் தொகை மட்டும் இருக்கும், எந்தச் சேவை என்று இருக்காது. பல வீட்டுக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு ரொம்ப சௌகரியமாக இருந்தது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தலைப்புக்கு வருகிறேன். கணினியிலிருந்து வீட்டுக்கு வரும் வேகம் நொடிக்கு 1200 பிட். வீட்டிலிருந்து மேலே போகும் வேகம் 75. ஓர் எழுத்துக்குப் பத்து பிட் என்று வைத்தால், வருவது நொடிக்கு 120 எழுத்து, போவது ஏழரை. வரிக்கு 40 எழுத்து, 24 வரி உள்ள ஒரு திரை நிரம்ப எட்டு நொடி பிடிக்கும். குடிமக்கள் நிறையப் படிப்பார்கள், கொஞ்சமாகத்தான் எழுதுவார்கள் என்று பொறியாளர்கள் முன்கூட்டியே தீர்மானித்துக் கம்பியிலேயே எழுதிவைத்துவிட்டார்கள். பிற்காலத்தில் நம் வீடுகளுக்கு டெலிபோன் கம்பி வழியாக வந்த பிராட்பேண்டும் இதே ரகம்தான். இறங்கும் வேகம் அதிகம், ஏறும் வேகம் குறைவு.

ஆனால் ஏழரை எழுத்து என்பது குறைவா? டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர் நிமிடத்துக்கு 45 சொல் அடிப்பார். நொடிக்கு நான்கு எழுத்து கூட வராது. ஆக, அந்த 75க்குள் எங்கள் அலுவலகத்தின் வேகமான டைப்பிஸ்டும் தாராளமாகப் புகுந்து புறப்படலாம்.

மக்கள் புகுந்தும்விட்டார்கள். ஸ்திராஸ்பூரில் ஒரு பத்திரிகை கிரெத்தெல் என்ற சேவையை நடத்தியது. பழகத் தெரியாமல் திணறுகிறவர்களுக்கு நிலையத்திலிருந்து உதவிச் செய்தி அனுப்ப அதில் ஒரு வசதி வைத்திருந்தார்கள். பயன்படுத்துவோரில் யாரோ ஒரு கெட்டிக்காரர் அந்த ஓட்டையைப் பிடித்து மற்ற பயனாளர்களுக்கே செய்தி அனுப்பத் தொடங்கினார். பத்திரிகைக்காரர்கள் ஓட்டையை அடைக்காமல் அதையே முறையான வசதியாக்கினார்கள். கடை வைக்கக் கட்டிய வீட்டில் சனங்கள் திண்ணையைக் கண்டுபிடித்த கதை. 1986 கடைசியில் பல்கலைக்கழகச் சட்ட மசோதாவை எதிர்த்து மாணவர்கள் போராடியபோது லிபெராசியோன் பத்திரிகையின் மினிதெல் சேவை வழியாக ஊருக்கு ஊர் தகவல் சொல்லிக்கொண்டார்கள். இன்னொரு பக்கம், புனைபெயரில் ஆணும் பெண்ணும் அரட்டை அடிக்கிற 'ரோஸ்' சேவைகள். பில்லில் பெயர் வராத சௌகரியம் இப்போது புரிந்திருக்கும். 1985 ஜூனில் நெரிசல் தாங்காமல் டிரான்ஸ்பாக் முடங்கியது. அரட்டைக்காரர்களின் துண்டுத் துண்டு வாக்கியங்கள் அதற்கு ஒரு பெரிய காரணம். வங்கிகளும் கம்பெனிகளும் அதே வலையில்தான் இருந்தன.

டிரான்ஸ்பாக்குக்கு வீட்டிலேயே ஒரு போட்டி இருந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். லூயி பூஸேன் என்பவர் 1970களின் தொடக்கத்தில் சிக்லாத் என்ற ஆராய்ச்சி வலையமைப்பைக் கட்டினார். டிரான்ஸ்பாக்கில் முதலில் வழியைத் திறந்துவைத்து, அனுப்புவது வரிசை மாறாமல் போய்ச் சேர வலையே பொறுப்பேற்கும். சிக்லாத்தில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனி விலாசம். முன்னே பின்னே வந்தாலும் அடுக்கிக்கொள்வது கடைசியில் உள்ள கணினியின் வேலை. தபால் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று விளங்கும். டெலிபோன் துறைக்கு முதல் முறைதான் பிடித்தது. நடுவில் இருப்பவன் கையில் சாவி இருக்கும் அல்லவா? சிக்லாத்துக்குப் பணம் நின்றது, 1981ல் மூடினார்கள். அதற்குள் அமெரிக்காவில் வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இணையம் அந்த வழியில் வளர்ந்தது.

சாவி நடுவில் இருந்ததால் என்ன ஆயிற்று என்பதற்கு ஓர் உதாரணம் போதும். விளம்பர வருமானம் போய்விடும் என்று பத்திரிகைகள் சண்டை போட்டன. சமாதானமாக, 3615ல் சேவை நடத்தும் உரிமை பத்திரிகை நடத்துவோருக்கு என்று ஆனது. உடனே சிலர் பெயருக்கு ஒரு பத்திரிகையைப் பதிவு செய்துகொண்டு அரட்டைக் கடை திறந்தார்கள். விதி போட்டால் வழி கண்டுபிடிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஜெனீவாவில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990ல் செய்த முதல் இணைய உலாவியில் படிக்கவும் முடியும், அதிலேயே பக்கத்தைத் திருத்தவும் முடியும். 1993ல் பரவிய மொசாய்க்கில் திருத்தும் வசதி இல்லை. பழைய 1200, 75 மறுபடியும் தலைதூக்கியது என்றே எனக்குத் தோன்றும். 1995ல் வார்ட் கன்னிங்ஹாம் விக்கி என்று ஒன்றைச் செய்து, படிக்கிறவரே பக்கத்தைத் திருத்தலாம் என்றார். 2001ல் தொடங்கிய விக்கிப்பீடியாவில் யார் எதைத் திருத்தினாலும் பழைய வாசகம் வரலாற்றில் நிற்கும். அரசாங்கக் கோப்பின் நோட் ஷீட்டும் அப்படித்தான். மேலே ஒருவர் எழுதியதை அழிக்க முடியாது, கீழே எழுதிச் சுருக்கொப்பம் போட வேண்டும்.

மினிதெல்லை 2012 ஜூன் 30 அன்று நிறுத்தினார்கள். கடைசிவரை அதை விடாதவர்களில் மாடு வளர்க்கும் பிரெத்தாஞ் விவசாயிகளும் வயதானவர்களும் இருந்தார்கள். வைரஸ் பயம் இல்லை, ஒவ்வொரு வருஷமும் புதுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு பொறியியலுக்கான ராணி எலிசபெத் பரிசு முதன்முறையாக வழங்கப்பட்டபோது பெற்ற ஐவரில் செர்ஃப், கான், பெர்னர்ஸ்-லீ, மொசாய்க்கை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்க் ஆண்ட்ரீசன் ஆகியோருடன் லூயி பூஸேனும் இருந்தார். அவருக்கு அப்போது வயது 80ஐத் தாண்டியிருந்தது.