கன்று, நாகு, கிடாரி: ஒரு சொல் வரலாறு

முன்னுரை

கறவை மாடு வளர்க்கும் குடும்பங்களில் பசுவின் இளமை பல பருவங்களாகப் பகுக்கப்படுகிறது. பிறந்தது கன்று, வளர்ந்தும் ஈனாதது கிடாரி, கருவுற்றது சினைக் கிடாரி, முதன்முறை ஈன்றது தலையீற்றுப் பசு. இப்பகுப்பிலுள்ள சில சொற்களின் வரலாற்றையும், அவ்வரலாறு மொழிபெயர்ப்பாளர்க்கு உணர்த்துவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கன்றும் நாகும்

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் தனித்தனியே தொகுக்கிறது. கன்று என்பது யானை, குதிரை, கழுதை, மான் முதலியவற்றின் இளமைக்குரியது. ஆ, எருமை ஆகியவற்றின் இளமையைக் குழவி என்றும் கூறலாம். நாகு என்பதோ எருமை, மரை, பெற்றம் ஆகியவற்றின் பெண்ணைக் குறிப்பது. ஆண்டு அங்கு வயது சுட்டப்படவில்லை. பிற்கால வழக்கில் இச்சொல்லில் இளமைப் பொருள் மேலோங்கியது. ஈழத்தமிழில் ஈனாத இளம்பசு இன்றும் நாகு எனப்படுகிறது. அதன் ஆண் இணை நாம்பன். தமிழகப் பேச்சு வழக்கில் நாகு அருகி, அதன் இடத்தைக் கிடாரி பெற்றுள்ளது.

கிடாரி

கடாரி என்பது இதன் மற்றொரு வடிவம். வேளாண் வெளியீடுகளில் கிடேரி என்றும் எழுதப்படுகிறது. கிடா ஆண் விலங்கைக் குறிக்க, கிடாரி பெண்ணைக் குறிப்பது முரண்போல் தோன்றும். இன மொழிகள் இதனைத் தெளிவுபடுத்துகின்றன. மலையாளத்தில் பசுக்கிடாவு என்பது பசுவின் கன்று. குழந்தையையும் கிடாவு என்பர். கன்னடத்தில் கடசு என்பது ஈனாத இளம்பசு அல்லது எருமை. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இச்சொற்களை ஒரே தொகுதியில் வைக்கிறது. எனவே அடிப்படைப் பொருள் பால் அன்று, இளமையே எனக் கருத இடமுண்டு.

மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்

1970 முதல் 1996 வரை நடைபெற்ற வெண்மைப் புரட்சித் திட்டக் காலத்தில் கலப்பினக் கறவைகள் பெருகின. அவற்றின் வளர்ப்பு முறைகளை விளக்கும் நூல்களும் பெருகின. இத்துறையில் ஆங்கிலச் சொல்லான ஹெஃபர் இடர் தருவது. அது பொதுவாக ஈனாத பசுவைச் சுட்டினும், ஒரு கன்று மட்டும் ஈன்றதையும் ஆங்கிலேயர் சில இடங்களில் அச்சொல்லாலேயே குறிப்பர். முன்னதைக் கிடாரி என்றும், பின்னதைத் தலையீற்றுப் பசு என்றும் வேறுபடுத்தாவிடில் தமிழ் வாசகர் குழம்புவர். இரண்டையும் இளம்பசு என்பது மேலும் பிழை. கறவைப் பசுவுக்கு அடர்தீவனம் பாலின் அளவைக் கணக்கிட்டுத் தரப்படுகிறது; கிடாரிக்கோ உடல் வளர்ச்சியே அளவுகோல். கிடாரிக்குரிய அறிவுரையைப் பால் தரும் பசுவுக்கு உரியதாகக் கொண்டால் அதன் தீவனம் குறையும், பாலும் குறையும். இழப்பு சிறு உழவர் குடும்பத்துக்கே.

இதற்கு மாறாக, ஈன்றவுடன் சுரக்கும் பாலுக்குத் தமிழில் சீம்பால் என்ற சொல் வழக்கிலிருந்தது. பிறந்த கன்றுக்கு நோய் எதிர்ப்பாற்றல் அளிக்க அதனை விரைவில் ஊட்ட வேண்டும் என்னும் அறிவுரை, புதுச் சொல்லாக்கம் இன்றியே உழவரை எட்டியது.

முடிவுரை

கலைச்சொல்லைத் தேடுவோர் முதலில் தொழுவத்து வழக்கை நாடுதல் வேண்டும். நாகு, கிடாரி, தலையீற்று ஆகியன வட்டாரச் சொற்கள் என ஒதுக்கத்தக்கன அல்ல. பொருள் வரையறை பெற்ற கலைச்சொற்களாகவே அவை நெடுங்காலம் வழங்கி வருகின்றன.