டேஷ்போர்டில் ஒரு துளை

ஒரு காரின் ஆயுளும் அதற்குள் பாடும் பெட்டியின் ஆயுளும் ஒருபோதும் ஒத்துப்போனதில்லை. ஒழுங்காகப் பராமரித்தால் எஞ்சினும் சேசிஸும் இருபது, முப்பது ஆண்டுகள் தாங்கும். பாட்டு வந்து சேரும் முறையோ அதற்குள் இரண்டு தடவை மாறிவிடும். ரேடியோவை அடுத்து கேசட், பிறகு சி.டி., பென் டிரைவ், புளூடூத் என்று அது நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய காருக்குப் புதிய ஸ்டீரியோ மாட்டும் வழக்கம் இந்தப் பொருந்தாமையில் பிறந்தது. இதை வீண் செலவு என்றும் இளவட்டங்களின் ஆசை என்றும் ஒதுக்குவோர் உண்டு. ஆனால் இந்த வழக்கத்தின் தொண்ணூறு ஆண்டு வரலாறு ஒரு முக்கியமான உண்மையைக் காட்டுகிறது. பாட்டுப்பெட்டி கழற்றி மாற்றக்கூடிய தனிப்பொருளாக இருந்தவரை கார் அதன் காலத்தைத் தாண்டி வாழ்ந்தது. காரோடு பிரிக்க முடியாமல் பிணைக்கப்பட்டபோது, பெட்டிக்கு வந்த முதுமை காரையும் பிடித்துக்கொண்டது.

கார் ரேடியோ கார்த் தொழிற்சாலையில் பிறந்த பொருள் அல்ல. 1930-இல் சிகாகோவின் கால்வின் சகோதரர்கள், வில்லியம் லியர் போன்றோரின் உதவியோடு ஒரு ஸ்டுடிபேக்கர் காரில் ரேடியோவைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டுக்கு ஓட்டிச் சென்றார்கள். மோட்டோரோலா என்ற பெயர் அந்த முயற்சியில் உருவானது. வேலை எளிதாக இல்லை. காரின் பேட்டரி கொடுத்தது 6 வோல்ட். ரேடியோவின் வால்வுகளுக்கு அதைப் போலப் பல மடங்கு தேவைப்பட்டது. எனவே தனி பேட்டரிகளைச் சுமக்க வேண்டியிருந்தது. ஸ்பார்க் பிளக்கிலிருந்து கிளம்பும் இரைச்சலைத் தனியாக அடக்க வேண்டியிருந்தது. 1932-இல் ஜெர்மனியின் பிளாபுங்க்ட் கொண்டுவந்த முதல் கார் ரேடியோவின் விலை, ஒரு காரின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இத்தனை இடையூறுகளையும் வெளியில் இருந்த ரேடியோக்காரர்களே தீர்த்தார்கள். கார் ஒருவருடையது, ஒலி இன்னொருவருடையது என்ற தொழிற்பிரிவு அப்போதே விழுந்துவிட்டது.

அந்தப் பிரிவைத் துடைக்க முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு கிரைஸ்லர் நிறுவனமே சான்று. 1956 மாடல் கார்களில் அது 'ஹைவே ஹை-ஃபை' என்ற இசைத்தட்டுக் கருவியை அளித்தது. நிமிடத்துக்கு 16⅔ முறை சுற்றும் அதன் 7 அங்குலத் தட்டுகள் கொலம்பியா நிறுவனத்திடம் மட்டுமே கிடைத்தன. வீட்டு கிராமஃபோனில் அவற்றைப் போட முடியாது. சில ஆண்டுகளிலேயே அது மறைந்தது. இதற்கு நேர்மாறாக, பிலிப்ஸ் 1963-இல் அறிமுகம் செய்த கேசட்டைத் தயாரிக்கப் பிற நிறுவனங்களுக்கும் கட்டணமின்றி உரிமம் கிடைத்தது. வீட்டில் போட்டது காரிலும் ஓடியது, ஒருவர் செய்த கேசட் இன்னொருவர் பெட்டியிலும் பாடியது. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்து இந்தியாவில் கார் ஸ்டீரியோ என்பது பெரும்பாலும் வெளியே வாங்கிப் பொருத்துவதாகவே இருந்தது. சென்னையில் ஜி.பி. ரோடு போன்ற ஒரு தெரு முழுவதும் கார் உதிரிப் பொருள் கடைகளாக வளர்ந்ததற்கு அந்த வழக்கமும் ஒரு காரணம்.

வழக்கமாக இருந்ததை விதியாக்கியது ஓர் அளவு. அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50 மில்லிமீட்டர். ரேடியோ முகப்பின் இந்த அளவையும், டேஷ்போர்டில் அதற்கு விட வேண்டிய துளையையும் ஜெர்மனியின் டின் தரநிலை வகுத்தது. 1984-இல் அது ஐஎஸ்ஓ 7736 என்ற உலகத் தரநிலை ஆனது. மெக்கானிக்குகள் இன்றும் 'சிங்கிள் டின்' என்பது இதைத்தான், 'டபுள் டின்' என்பது இதன் இரு மடங்கு உயரத்தை. பின்னர் ஒயர்களை இணைக்கும் பிளக்குக்கும் தனித் தரநிலை வந்தது. அதே 1984-இல் கார் சி.டி. பிளேயர்கள் விற்பனைக்கு வந்தபோது, அந்தத் துளை உள்ள காரை மாற்றாமல் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலை இருந்தது. போர்ஷே நிறுவனம் தன் பழைய 911 கார்களுக்கென்று 2015-இல் வழிகாட்டும் வசதியுள்ள ரேடியோவை விற்கத் தொடங்கியது. பல பத்தாண்டுகள் மூத்த கார்களில் அதைப் பொருத்த முடிந்ததற்கு அந்தத் துளைதான் காரணம்.

பெட்டியைக் கழற்றி மாற்றும் வழக்கத்தை மறுப்போரின் வாதங்களில் நியாயம் இல்லாமல் இல்லை. எளிதில் கழற்றலாம் என்றால் எளிதில் திருடலாம். 1980-களில் நியூயார்க்கில் கார்க்காரர்கள் 'ரேடியோ இல்லை' என்று கண்ணாடியில் எழுதி ஒட்டும் அளவுக்குத் திருட்டு பெருகியது. ஆனால் தரநிலையைக் கைவிடாமலே கையோடு எடுத்துச் செல்லும் முகப்பும் ரகசிய எண்ணும் அதற்கு விடையாக வந்தன. ஒயரை வெட்டி ஒட்டும் அரைகுறை வேலையால் ஷார்ட் சர்க்யூட் ஆகிறது என்பது இரண்டாவது வாதம். உண்மைதான், ஆனால் பொதுவான பிளக் இருக்குமிடத்தில் வெட்டவே தேவையில்லை என்பதால் இது தரநிலையின் பக்கமே பேசுகிறது. மூன்றாவது வாதம் வலுவானது. ஜெனரல் மோட்டார்ஸும் ஒலிக்கருவி நிறுவனமான போஸும் சேர்ந்து 1983 மாடல் கார்களில் செய்ததுபோல, இருக்கையும் கண்ணாடியும் இருக்கும் விதத்தைக் கணக்கிட்டு அந்தக் காருக்கென்றே அமைத்த ஒலியை வெளிக்கடை எட்டுவது கடினம். அந்தச் சிறப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் ஸ்பீக்கர் எங்கே இருக்க வேண்டும் என்ற கணக்குக்கும், பாட்டு எதிலிருந்து வர வேண்டும் என்ற தேர்வுக்கும் பூட்டுப் போட்டு இணைக்க எந்தக் கட்டாயமும் இல்லை.

பூட்டு விழுந்தது இந்த நூற்றாண்டில். 2001-இல் வந்த பிஎம்டபிள்யூ 7 சீரிஸ், ரேடியோவையும் ஆம்ப்ளிஃபயரையும் மற்றக் கருவிகளையும் ஒரே ஒளியிழை வளையத்தில் கோத்தது. ஒன்றைக் கழற்றினால் மற்றவையும் ஊமையாகும். இன்று ஏ.சி.யும் ரிவர்ஸ் கேமராவும் கார் அமைப்புகளும் பாட்டு வரும் அதே திரையில் குடியிருக்கின்றன. விளைவு 2022-இல் தெரிந்தது. அமெரிக்காவில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டதும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல கார்களில் விபத்துத் தகவல் அனுப்பும் வசதி உட்படச் சில சேவைகள் நின்றுபோயின. 'கையில் போன் இருக்கிறது, திரை வெறும் கண்ணாடிதானே' என்பார்கள். போனில் உள்ளதைக் காரின் திரையில் காட்டும் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் செய்வது சீக்கிரம் மூப்பதை நெடுநாள் வாழ்வதிலிருந்து பிரிப்பதுதான். அந்தத் துளையின் தத்துவமே அது. ஆனால் அவற்றைக் காரில் அனுமதிப்பது கார் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. வருங்கால மின்கார்களில் கார்ப்ளே இருக்காது என்று 2023-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது அதற்கு அடையாளம்.

ஆகவே கேட்க வேண்டியது பழைய துளையை அப்படியே திரும்பத் தரும்படி அல்ல. பாட்டும் வழிகாட்டலும் ஒரு பகுதி, ஏ.சி.யும் பாதுகாப்பும் இன்னொரு பகுதி என்று பிரித்து, முதல் பகுதியை மாற்றுவதற்கான இணைப்பு முறையை எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும். 2022-இல் இந்திய அரசு பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனத் துறையும் ஒன்று. அந்தப் பேச்சு பிரேக், எஞ்சின் உதிரிப்பாகங்களோடு நின்றுவிடக் கூடாது. இன்று விற்கும் கார் 2045-இலும் ஓடும். அன்றைக்கு அதில் என்ன ஒலிக்க வேண்டும் என்பதை அதன் உடைமையாளர்தான் தீர்மானிக்க வேண்டும்.