கோயில் கத்தியும் சேலத்து உருக்கும்



போன அன்னதானத்துல சாப்பாடு ஏன் ஒரு மணி நேரம் தாமதம்னு பல பேர் கேட்டீங்க. மடப்பள்ளியில பூசணிக்காய் வெட்டும்போது கத்தி முனை உடைஞ்சு போச்சு. அந்தத் துண்டு கிடைக்கவே இல்லை. யார் வாயிலயாவது போயிட்டா? நறுக்கி வச்ச மூணு பாத்திரம் காயையும் கொட்டிட்டு மறுபடி ஆரம்பிச்சோம். மன்னிக்கணும்.

அந்தக் கத்தி பழைய அரத்தை அடிச்சுச் செஞ்சது. "அரத்துல கார்பன் அதிகம், கூர் போகாது" என்று சொன்னதைக் கேட்டு வாங்கினோம். தொழிற்சாலையில இரும்போட பல வருஷம் ஓட்டின எங்களுக்கே தோணாம போச்சு. கார்பன் கூடினா கடினம் கூடும், கூடவே உடையும் குணமும் கூடும்.

இதே பாடத்தை 200 வருஷத்துக்கு முன்னாடி லண்டன்காரர்கள் நம்ம ஊர் உருக்கிடம் படித்தார்கள்.

கொங்கு நாட்டில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் பழங்கால இரும்பு உலைகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. அந்தத் தொழில் 19-ஆம் நூற்றாண்டு வரை சேலம் பக்கம் இருந்தது. ஹீத் என்ற ஆங்கிலேயர் அந்தச் செய்முறையை எழுதி வைத்தார். இரும்புத் துண்டுகளை மண் குகையில் போட்டு, எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங்கட்டை சேர்ப்பார்கள். மேலே எருக்க இலை. வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபதுக்கு மேல் குகைகளை ஒரே உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். பிள்ளையாருக்கு மாலை போடும் அதே எருக்குதான்! கட்டையும் இலையும் கரியாகி இரும்புக்குள் போகும். எவ்வளவு கட்டை என்பதே எவ்வளவு கார்பன் என்ற கணக்கு.

இதைத்தான் வெள்ளைக்காரர்கள் 'வூட்ஸ்' என்றார்கள். 1794-ல் பம்பாயிலிருந்து லண்டன் ராயல் சொசைட்டி தலைவருக்கு மாதிரி போனது. அங்கே கொல்லர்கள் தங்கள் வழக்கப்படி வெள்ளைச் சூட்டில் அடித்தபோது அது நொறுங்கியது. குறைந்த சூட்டில் பொறுமையாக அடிக்க வேண்டிய உருக்கு அது. கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1819-ல் ஆராய்ந்து, அலுமினியம் கலந்ததால்தான் அந்தக் குணம் என்று நினைத்தார். பாரிஸ் நாணயச் சாலையில் இருந்த பிரேயான் 1820-களில், காரணம் கார்பன்தான் என்று சரியாகச் சொன்னார். நூற்றுக்கு ஒன்றரை பங்கு அளவில் கார்பன்!

ஆக, நல்ல எஃகுன்னா கார்பன் அதிகம் இருக்கிறது இல்ல. எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சு, அதுக்கு ஏத்த சூடு குடுக்கிறதுதான். சேலத்துக் கொல்லருக்குத் தான் போட்ட கட்டையின் எடை தெரியும். எங்களுக்கு அந்த அரத்தைப் பற்றி ஒண்ணுமே தெரியாது.

இப்போ எடுத்திருக்கும் முடிவு இது. தேங்காய் உடைக்கும் கத்திக்கு 0.6 சதவீத கார்பன் உள்ள 5160 ஸ்பிரிங் எஃகு. அடி தாங்கும். காய் நறுக்கும் கத்திக்கு 0.95 சதவீத 1095. கூர் நிற்கும். எண்ணெயில் தோய்த்த பிறகு 200 டிகிரி சூட்டில் பதம் போடணும்னு பட்டறை அண்ணனிடம் சொல்லிட்டோம். பதம் போடலைன்னா இந்த மாதிரி எஃகு கண்ணாடி மாதிரிதான். பழைய லோரி ஸ்பிரிங் பட்டையில பாராங் அடிப்பது நம்ம ஊர் வழக்கம், ஆனா உள்ளே மயிரிழை விரிசல் இருந்தா கண்ணுக்குத் தெரியாது. மடப்பள்ளிக்கு அது வேண்டாம்.

கத்தி உபயம் செய்ய நினைக்கும் அன்பர்கள், ஆலைச் சான்றோடு வந்த புது எஃகாகப் பார்த்துக் கொடுங்கள். தொண்டு செய்ய வருபவர்கள் எலுமிச்சை, புளி பட்டதும் கத்தியைக் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். இந்த எஃகு துருப்பிடிக்கும்.

பசியோட வர்றவங்க நம்பிச் சாப்பிடுறாங்க. அந்த நம்பிக்கை கத்தியிலிருந்தே ஆரம்பிக்குது.

ஓம் சரவணபவ.