குவாசர் முதல் கருத்துரு எண் வரை: வானியல் கலைச்சொற்களைப் படிநிலையில் தொகுத்த வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வானியல் ஆய்வேடுகளைத் தேடிக் கண்டடைவதற்குக் கட்டுப்படுத்தப்பட்ட சொற்றொகுதிகள் உருவாக்கப்பட்டன. 1963 முதல் 2019 வரையிலான காலத்தில் அவை உருப்பெற்ற விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. எச்சொல் சரியானது என்னும் வினாவிலிருந்து, அச்சொல் எக்கருத்தைச் சுட்டுகிறது என்னும் வினாவிற்கு இத்துறை நகர்ந்தது என்பதையும், அந்நகர்வே பழைய ஆய்வுகளைத் தேடலுக்குள் நிலைநிறுத்தியது என்பதையும் இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வானியல், கலைச்சொல், சொற்களஞ்சியம், படிநிலை, கருத்துரு, நூலகவியல்

முன்னுரை

அகரவரிசைக் கலைச்சொற்பட்டியல் ஒரு சொல்லுக்குப் பொருள் கூறும். அச்சொல் பிற சொற்களோடு கொண்டுள்ள உறவைக் கூறாது. படிநிலைச் சொற்களஞ்சியம் அவ்வுறவை மூவகையாகப் பதிவு செய்கிறது. மேல்நிலைச் சொல்லும் கீழ்நிலைச் சொல்லும் ஒருவகை. தொடர்புடைய சொல் மற்றொரு வகை. ஒருபொருட்சொற்களுள் ஒன்றை ஏற்புச்சொல்லாகக் கொண்டு ஏனையவற்றை அதற்கு வழிகாட்டும் சொற்களாக வைப்பது மூன்றாம் வகை. இவற்றுள் மூன்றாவது வகையின் தேவையை உணர்த்தும் நிகழ்வு ஒன்று வானியல் வரலாற்றிலேயே உள்ளது.

ஒரு சொல் ஏற்கப்பட்ட கதை

1963இல் மார்ட்டின் ஷ்மிட் 3சி 273 என்னும் வான்பொருளின் செம்பெயர்ச்சியை அளந்து, அது மிகத் தொலைவில் உள்ளது எனக் காட்டினார். விண்மீன் போலத் தோன்றும் வானொலி மூலம் என்னும் நீண்ட பெயரால் குறிக்கப்பட்ட இவ்வகைப் பொருள்களுக்கு 1964இல் ஹாங்-யீ சியு ‘குவாசர்’ எனப் பெயரிட்டார். அச்சொல் விரைவில் பரவியது. ஆயினும், ஆஸ்ட்ரோபிசிகல் ஜர்னல் என்னும் ஆய்விதழ் அதனை ஏற்கவில்லை. 1952 முதல் 1971 வரை அதன் ஆசிரியராக இருந்தவர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். 1970இல் ஷ்மிட்டின் கட்டுரையொன்று வெளியானபோதுதான், வருத்தம் தெரிவிக்கும் அடிக்குறிப்புடன் அவர் அச்சொல்லுக்கு இடமளித்தார்.

இதன் விளைவு தேடலில் வெளிப்படும். ‘குவாசர்’ என்னும் ஒரு சொல்லை மட்டும் கொண்டு தேடுபவருக்கு, அத்துறையின் தொடக்க ஆண்டுகளில் பழைய பெயரால் எழுதப்பட்ட கட்டுரைகள் தவறிப்போகக்கூடும். ஓர் ஆசிரியரின் ஏற்போ மறுப்போ இச்சிக்கலைத் தீர்க்காது. இரு பெயர்களையும் ஒரே கருத்தோடு பிணைக்கும் ஏற்பாடே அதனைத் தீர்க்கும்.

பெயரும் இடமும்

பெயரை மட்டும் நம்பி வகைப்படுத்தினாலும் பிழை நேரும். 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல் ‘கோள்வடிவ நெபுலா’ என வகுத்த பொருள்களுக்கும் கோள்களுக்கும் தொடர்பில்லை. தொலைநோக்கியில் வட்டமாகத் தெரிந்ததே அப்பெயருக்குக் காரணம். அவை முதுமையுற்ற விண்மீன்கள் வெளியேற்றிய வளிமப் படலங்கள். ஆகவே, பெயர் கோளைச் சுட்டினும் அச்சொல் விண்மீன் பரிணாமத்தோடு சேர்க்கப்பட வேண்டும்.

இடமும் நிலையானதன்று. 1801இல் கண்டறியப்பட்ட சீரிசு முதலில் கோளாகவும், பின்னர்ச் சிறுகோளாகவும், 2006இல் குறுங்கோளாகவும் கொள்ளப்பட்டது. 1930இல் கண்டறியப்பட்ட புளூட்டோவும் 2006இல் பிராகா நகரில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் முடிவால் குறுங்கோளாயிற்று. இவற்றைப் பற்றிய முந்தைய ஆய்வுகள் மாறவில்லை. அவற்றின் மேல்நிலைச் சொல்லே மாறியது.

1993ஆம் ஆண்டுத் தொகுப்பு

பன்னாட்டு வானியல் ஒன்றியத்திற்காக ஆங்கிலோ-ஆஸ்திரேலிய வானாய்வகத்தின் நூலகர் ராபின் ஷாப்ரூக்கும் வானியலாளர் ராபர்ட் ஷாப்ரூக்கும் தொகுத்த வானியல் சொற்களஞ்சியம் 1993இல் வெளியாயிற்று. மேற்கூறிய மூவகை உறவுகளையும் அது வானியல் முழுமைக்கும் வகுத்தளித்தது. 1995இல் பன்மொழி இணைப்பொன்றும் வெளிவந்தது. அதே ஆண்டில், சூரியனை ஒத்த விண்மீனைச் சுற்றிவரும் முதல் புறக்கோளாகிய 51 பெகாசி பி கண்டறியப்பட்டது. அச்சில் நிலைபெற்ற ஒரு தொகுப்பு, விரைந்து வளரும் துறைக்கு ஈடுகொடுப்பது எத்துணைக் கடினம் என்பதை இவ்விரு ஆண்டு இடைவெளியே காட்டுகிறது.

எண் பெற்ற கருத்துரு

2009இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம், சொற்களஞ்சியங்களைக் கணினி படிக்கத்தக்க வடிவில் எழுதுவதற்கான ‘ஸ்காஸ்’ தரத்தைப் பரிந்துரைத்தது. இதில் அடிப்படை அலகு சொல்லன்று, கருத்துரு. ஒவ்வொரு கருத்துருவுக்கும் நிலையான அடையாளம் ஒன்று உண்டு; ஒரு மொழிக்கு ஓர் ஏற்புச்சொல்லும் பல மாற்றுச்சொற்களும் அதனோடு இணைக்கப்படலாம்.

இவ்வடிப்படையில், முந்தைய தொகுப்புகளை ஒன்றிணைத்து அமெரிக்க வானியல் கழகத்தின் பொறுப்பில் ஒருங்கிணைந்த வானியல் சொற்களஞ்சியம் உருவாயிற்று. ஹார்வர்டு-சுமித்சோனியன் வானியற்பியல் மையத்தின் உல்பாக் நூலகம் அதன் தொகுப்புப் பணியில் முதன்மைப் பங்காற்றியது. பதினொரு தலைமைப் பிரிவுகளைக் கொண்ட இதில் புறக்கோள் வானியலும் ஒன்று. ஒரு கருத்துரு ஒன்றுக்கு மேற்பட்ட மேல்நிலைக் கருத்துருக்களின் கீழ் அமையலாம். திருத்தங்களை எவரும் முன்மொழியலாம். 2019இல் அமெரிக்க வானியல் கழகத்தின் ஆய்விதழ்கள் இதனை ஏற்றன. அவற்றுள் ஆஸ்ட்ரோபிசிகல் ஜர்னலும் அடங்கும். ஒருகாலத்தில் அவ்விதழ் ஏற்க மறுத்த ‘குவாசர்’, இன்று அதன் கட்டுரைகளில் 1319 என்னும் கருத்துரு எண்ணுடன் திறவுச்சொல்லாக அச்சாகிறது.

முடிவுரை

சொல்லும் மாறும், படிநிலையில் அதன் இடமும் மாறும். கருத்துருவின் அடையாளம் மாறாதிருப்பின் பழைய ஆய்வு தொலையாது. வானியற் சொற்றொகுதிகளின் வரலாறு உணர்த்துவது இதுவே. சொல்லை ஏற்பதற்கான அதிகாரம் ஓர் ஆசிரியரிடமிருந்து நூலகர்களும் ஆய்வாளர்களும் கூடிய பொதுப்பணிக்கு மாறியதும் இவ்வரலாற்றின் மற்றொரு கூறாகும். தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தில் ஒரு கருத்துக்குப் பல சொற்கள் வழங்குவது குறையாகவே பேசப்படுகிறது. அச்சொற்கள் அனைத்தும் ஒரே கருத்துருவோடு இணைக்கப்படுமாயின், அப்பன்மை தேடலுக்குத் தடையாகாது. பல வாயில்களாக அமையும்.