கடல்கொண்ட குமரிநாடு: ஐதிகமும் வரலாறும்

குமரிமுனைக்குத் தெற்கே பரந்ததொரு நிலம் இருந்ததென்றும், முதற்சங்கமும் இடைச்சங்கமும் ஆங்கே நிலவினவென்றும், பின்னர் அதனைக் கடல் கொண்டதென்றும் நாம் இளமை தொட்டே கேட்டு வந்துள்ளோம். இதனை ஐயுறுவோரைத் தமிழ்ப்பற்று அற்றவரெனக் கருதும் மனப்பாங்கும் நம்மிடையே உண்டு. எனினும், சான்றுகளை அவை தோன்றிய கால முறையில் வைத்து நோக்குமிடத்து இக்கதை வளர்ந்த வகை தெளிவாகப் புலப்படுகின்றது.

தொன்மையான சான்றுகள் மிகச் சுருங்கியவை. புறநானூற்றின் ஒன்பதாம் பாடல் பஃறுளியாற்றின் மணலைச் சுட்டுகின்றது. கலித்தொகையின் முல்லைக்கலிப் பாடலொன்று, கடலிடம் நிலமிழந்த பாண்டியன் அயல் வேந்தரிடமிருந்து நிலங் கவர்ந்து ஈடுசெய்தமையைக் கூறும். சிலப்பதிகாரம் பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதாகப் பேசும். இவற்றுள் கண்டம் என்ற செய்தியில்லை, நிலத்தின் அளவில்லை, ஆண்டுக்கணக்குமில்லை.

அளவும் கணக்கும் உரைகாரரிடத்தே தோன்றுகின்றன. கி.பி. 8ஆம் நூற்றாண்டளவினதாக ஆய்வாளர் பலர் கொள்ளும் இறையனார் அகப்பொருளுரை, மூன்று சங்கங்களும் முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள் நிலவின என்கின்றது. இவ்வெண்களைச் சற்றே கூர்ந்து நோக்குவோம். மூன்றும் 37இன் மடங்குகள்: 120, 100, 50 என்னும் எண்களால் 37ஐப் பெருக்க இவை கிடைக்கின்றன. அரசர் ஆண்ட ஆண்டுகளைக் கூட்டி வந்த தொகைகள் இவ்வளவு ஒழுங்காக அமைதல் அரிது. யாரோ ஒருவர் அமர்ந்து கணித்தமைத்த எண்களாகவே இவை தோன்றுகின்றன.

சில நூற்றாண்டுகள் பிந்திய அடியார்க்குநல்லார், பஃறுளிக்கும் குமரிக்கும் இடைப்பட்ட நிலம் எழுநூற்றுக் காவதம் என்றும், அதில் ஏழேழாக நாற்பத்தொன்பது நாடுகள் இருந்தன என்றும் உரைக்கின்றார். காவதமொன்றைப் பத்து மைல் எனக் கொண்டால் 7000 மைலாகும். குமரிமுனையிலிருந்து தென் துருவத்துக்கே அவ்வளவு தொலைவில்லை!

‘குமரிகண்டம்’ என்னும் பெயரோ கந்தபுராணத்தில் வருவது. ஆலயந்தோறும் புராணபடனம் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தவர்க்கு அது புதிதன்று. ஆனால் அங்கே அது பரதகண்டத்தின் ஒன்பது பிரிவுகளுள் ஒன்றேயன்றிக் கடலுள் மூழ்கிய நிலமன்று.

இனி, இலெமூரியா. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கிலேய விலங்கியலறிஞர், மடகாஸ்கரின் இலெமூர் விலங்கினத்துக்கும் இந்தியாவிற் காணும் அதன் உறவினத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கவே மூழ்கிய நிலமொன்றைக் கற்பித்து அப்பெயரை இட்டார். ஜேர்மனிய அறிஞர் ஹெக்கல் அதனை மனிதகுலத்தின் பிறப்பிடமாக ஊகித்தார். நம்மவரான சி. வை. தாமோதரம்பிள்ளை இறையனார் அகப்பொருளை 1883இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார், உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் வெளியிட்டார். ஏடுகள் அச்சேறிய காலமும் இலெமூரியாக் கருத்துப் பரவிய காலமும் ஒன்றாயின. இரண்டையும் இணைத்து நோக்கும் ஆவல் எழுந்தமை இயல்பே.

பின்னர் கண்டங்கள் நகர்கின்றன என்பது நிறுவப்பட்டதும் அறிவியலார் இலெமூரியாவைக் கைவிட்டனர். நம்மிற் பலர் கைவிடவில்லை. மொறீசியஸ் தீவின் கீழ்ப் பழைய கண்டத்துண்டு கிடப்பதாக 2013இல் வெளியான ஆய்வினை இன்றும் சான்றாகக் காட்டுவோருளர். அத்துண்டு பிரிந்து மூழ்கியது பல கோடி ஆண்டுகளுக்கு முன். நம்மையொத்த மனிதர் தோன்றியதோ ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்.

அவ்வாறாயின் கடல்கோள் முழுப் பொய்யோ? அன்று. பனியூழியின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றையினும் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலமாயிருந்தன. குமரிமுனைக்கு அப்பால், 1976ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு முன்னர் இலங்கைக் கலங்கள் மீன்பிடித்த வாட்ஜ் கடல்மேடையின் ஆழங்குறைந்த பகுதிகளும் அன்று கரையாயிருந்திருக்கும். ஆனால் அதற்குத் தெற்கே கடல் ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழமானது. ஆங்கே நாடெதுவும் இருந்திருத்தல் இயலாது.

கரையிழந்த நினைவு நமக்கு மட்டும் உரியதுமன்று. களனிதிஸ்ஸன் காலத்தில் கடல் பெருகியதை மகாவம்சம் கூறுகின்றது. 1964இல் தனுஷ்கோடி அழிந்தமையையும் 2004இல் நம் கீழ்க்கரை பட்ட பாட்டையும் கண்ட நாம், ஊரிழந்தோர் பாடலை ஐயுற வேண்டியதில்லை. பாண்டியன் இழந்தது கரையோர நிலப்பகுதியொன்று என்பதே எம் துணிபு.

இவ்வேறுபாடு ஈழத்திலிருந்து எழுதும் நமக்குச் சிறிதன்று. இங்கே தமிழரின் தொன்மை வழக்கிடப்படும் பொருள். பொம்பரிப்பின் தாழிகளும், 1980இல் ஆனைக்கோட்டை அகழ்வில் வெளிப்பட்ட எழுத்துப் பொறித்த முத்திரையும் கைக்கெட்டும் சான்றுகள். அவற்றோடு ஒரே மூச்சில் இலெமூரியாவையும் கூறுவோமாயின், அதனை மறுப்பவர் முத்திரையையும் சேர்த்தே மறுத்துவிடுவர். அத்தகைய வாதங்களை நாம் அவைகளிற் கேட்டதுமுண்டு. கடலடியில் தேடுவதாயின், ஆழம் குறைந்த மன்னார்க் கரையிலும் பாக்கு நீரிணையிலும் தொடங்குதல் தகும்.